‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்ற ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரைப்படப் பக்கத்தைத் தவறாமல் வாசித்துவரும் கடலூர் வாசகன் நான். திருப்பாதிரிப்புலியூரில் முப்பத்தொரு ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தி, கணக்கில் அடங்காத திருமணங்களை வீடியோவில் பதிவு செய்து, அண்மையில் தொழிலை மகனிடம் ஒப்படைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் வெளியாகும் விமர்சனங்கள் கதையையும் நடிப்பையும் வசனத்தையும் விரிவாக அலசிவிட்டு, கடைசிப் பத்தியில் ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்றோ ‘ஒளிப்பதிவு படத்துக்குப் பலம்’ என்றோ ஒரே வரியில் முடித்துக்கொள்வதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். இது தங்கள் நாளிதழுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. தமிழில் திரைப்படம் பற்றி எழுதுகிற பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரி போதாது என்பதையும், ஒரு காட்சியில் ஒளி என்ன வேலை செய்கிறது என்பதை எந்த வாசகரும் பார்த்தே புரிந்துகொள்ளலாம், ஒரு பல்பும் ஒரு வேட்டியும் இருந்தால் செய்தே கற்றுக்கொள்ளலாம் என்பதையும் சொல்வதற்காகவே இக்கடிதம்.

கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பெரும்பாலும் ஊட்டியையோ, கடற்கரையையோ, பச்சை வயலையோ பார்த்த மகிழ்ச்சியைத்தான் குறிக்கிறது. அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் ஒரு சிறிய அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில், ஒருவர் பொய் சொல்கிறார் என்பதை வசனம் வெளிப்படுத்துவதற்கு முன்பே நம் மனம் உணர்ந்துவிடுகிறதே, அது எப்படி நிகழ்ந்தது என்பதை எந்த விமர்சனமும் எடுத்துச் சொல்வதில்லை. அவருடைய முகத்தின் ஒரு பாதி நிழலில் இருந்ததா, அவர் பின்னால் இருந்த ஜன்னல் முகத்தைவிடப் பிரகாசமாக இருந்ததா, கண்கள் தெரிந்தனவா என்று பார்த்தால் காரணம் அங்கேயே கிடைக்கும். அழகிய காட்சியைவிட இத்தகைய எளிய அறைக்காட்சியிலேயே ஒளிப்பதிவாளரின் கை நன்றாகத் தெரியும் என்பது என் கருத்து.

ஒளி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குத் தொழில் ரகசியம் எதுவும் தேவையில்லை. முதலில் மூக்கின் நிழலைப் பார்க்க வேண்டும். நிழல் உதட்டின் மேல் நேராக விழுந்தால் விளக்கு முகத்துக்கு எதிரே உயரத்தில் இருக்கிறது. கன்னத்தின் மேல் சாய்வாக விழுந்தால் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் விளக்கு சிறியது அல்லது தொலைவில் உள்ளது. விளிம்பு கரைந்து மறைந்தால் அது ஜன்னலைப் போலவோ துணியால் மறைத்த விளக்கைப் போலவோ அகலமானது. அடுத்து, கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். அந்தப் புள்ளி சதுரமா வட்டமா, ஒன்றா இரண்டா, கடிகார முள் பத்து மணியைக் காட்டும் இடத்தில் இருக்கிறதா, இரண்டு மணியைக் காட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால், படப்பிடிப்பு நாளில் விளக்கு நின்ற இடத்தை ஏறக்குறைய வரைந்தே காட்டிவிடலாம். அந்தப் புள்ளியே இல்லாமல் கண்ணை இருளில் விட்டிருந்தால், அதுவும் ஒளிப்பதிவாளர் எடுத்த முடிவாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இதை நான் எந்தக் கல்லூரியிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் எங்கள் கரையைத் தாக்கிய பிறகு, எங்கள் தெருவில் பதினைந்து நாட்களுக்கும் மேலாக மின்சாரம் இல்லை. ஸ்டுடியோவின் ஒரு பக்கச் சுவர் இடிந்திருந்தது. மாலை ஆறரை மணிக்கு மேல் ஒரு வேலையும் செய்ய முடியாது. கூடத்தின் நடுவில் தரையில் ஓர் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரும் சேர்ந்து பதினோரு பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். முதல் இரண்டு இரவுகளும் எல்லாருடைய முகமும் கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அச்சுறுத்துவதாக இருந்தது. புருவத்துக்கு மேலே நெற்றி இருண்டு, தாடையும் நாசித் துவாரங்களும் மட்டும் ஒளிர்ந்தன. சின்னக் குழந்தை ஒன்று தன் தாத்தாவைப் பார்த்து அழுதது. மூன்றாம் இரவு என் மனைவி அந்த விளக்கை எடுத்து அலமாரியின் நடுத்தட்டில், உட்கார்ந்தவர்களின் தலைக்குச் சற்று மேலே வைத்தார். அதே விளக்கு, அதே திரி, அதே மனிதர்கள். ஆனால் முகங்கள் சாந்தமாகிவிட்டன, குழந்தையும் தாத்தாவின் மடிக்குப் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விளக்குகளோடு பழகிய எனக்கு, விளக்கின் உயரம் மனிதனின் குணத்தையே மாற்றிக் காட்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

அதற்கு முன்பு நான் செய்துவந்தது வேறு. திருமண வீடியோவுக்கு ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கைக் கையில் பிடித்தபடி ஓர் உதவியாளர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நடந்துவருவார். கேமரா எங்கே பார்க்கிறதோ அங்கேயே வெளிச்சமும் பாயும். மூக்கின் நிழல்கூட விழாது. முகம் சப்பையாக, தட்டில் வரைந்ததுபோல் தெரியும். மணப்பெண் கண்ணைக் கூசிக்கொண்டே தாலி கட்டிக்கொள்வார். ஓம குண்டத்தின் தீ எரிந்துகொண்டிருந்தும் அதன் செம்மை ஒருவர் முகத்திலும் படியாது, ஏனென்றால் எங்கள் ஹாலோஜன் அதை விழுங்கிவிடும். வாடிக்கையாளர் கேட்டது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே, நாங்களும் அதையே கொடுத்தோம். அந்த ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகளில், ஒரு தீபத்தின் ஒளியில் ஒரு தாய் தன் மகளைப் பார்த்த பார்வை ஒன்றுகூட உண்மையாகப் பதியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தொழிலை விட்ட பிறகு, குறும்படம் எடுக்க ஆசைப்படும் எங்கள் ஊர் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது. சிலரிடம் நல்ல கேமராவும் உண்டு. நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் முறை எளியது. ஒரு படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒலியோடு பார்க்கிறோம். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறோம். மூன்றாவது முறை ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி, அந்த அறையின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, நடிகர் எங்கே, ஜன்னல் எங்கே, விளக்கு எங்கே இருந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் குறிக்கிறோம். எட்டுப் பேர் எட்டு விதமாகக் குறிப்பார்கள், வாக்குவாதம் வரும், மூக்கின் நிழலையும் கண்ணின் புள்ளியையும் காட்டி ஒருவரை ஒருவர் மறுப்பார்கள். ஒருவர் முகத்திலிருந்து எதிரே இருப்பவர் முகத்துக்குக் காட்சி மாறும்போது ஜன்னல் வெளிச்சம் இரண்டு முகத்திலும் ஒரே பக்கம் விழுவதைச் சில நாட்களுக்கு முன் ஒரு மாணவி கண்டுபிடித்தார். எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்கும் ஒரே ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால், திரையில் ஒருவருக்கு இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் அல்லவா விழ வேண்டும்? அழகுக்காகவோ அவசரத்துக்காகவோ விளக்கை மாற்றி வைத்திருக்கிறார்கள். இத்தனை முறை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

பார்ப்பது பாதிதான். அதே மாணவி எழுதிய ஒரு சிறிய காட்சியைக் கடலூர் முதுநகரில் உள்ள அவருடைய பாட்டி வீட்டில் படமாக்கினோம். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் ஜன்னலோரம் நிற்கிறாள். வாசலில் யாரோ வந்து நிற்கும் ஓசை கேட்கிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான், வசனம் கிடையாது. காலை எட்டு மணிக்கு முதல் முறை எடுத்தபோது வீட்டு டியூப் லைட்டை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் அறை முழுவதும் சமமாகப் பரவி, மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடமும், சுவரில் மாட்டிய காலண்டரும், தாயின் முகமும் ஒரே முக்கியத்துவத்தோடு தெரிந்தன. நடித்தவர் நன்றாகவே நடித்தார். பார்த்த எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. டியூப் லைட்டை அணைத்தவுடன் குடமும் காலண்டரும் இருளுக்குள் போய்விட்டன. ஆனால் கிழக்குப் பார்த்த அந்த ஜன்னல் வழியாக நேர் வெயில் முகத்தில் பளீரென விழுந்து, நெற்றி வெள்ளையாகப் பொரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினோம். இப்போது சூரியன் விளக்காக இல்லை, வேட்டியே விளக்காகிவிட்டது; மூக்கின் நிழல் விளிம்பு கரைந்து, முகத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெளிச்சம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போயிற்று.

அதன் பிறகு நடந்ததைத்தான் தங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். முகத்தின் இருண்ட பக்கத்துக்கு இரண்டடி தூரத்தில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பி ஒரு முறை எடுத்தோம். அடுத்து, தெர்மாகோலை எடுத்துவிட்டு எடுத்தோம். மூன்றாவதாக, தெர்மாகோல் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, வெள்ளையடித்த சுவரிலிருந்து திரும்பி வந்த சிறிதளவு வெளிச்சத்தையும் விழுங்கச் செய்து எடுத்தோம். மூன்றிலும் தாய் ஒரே விதமாகத்தான் திரும்பிப் பார்த்தார். மாலையில் போட்டுப் பார்த்தபோது, முதலாவதில் மகன் வந்துவிட்டான் என்று அவள் நம்பித் திரும்புவதாகத் தோன்றியது; இரண்டாவதில் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் திரும்பினாள்; கறுப்புப் போர்வை வைத்ததில், வந்திருப்பவர் சொல்லப்போகும் செய்தி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பாட்டி, நாங்கள் எதையும் விளக்குவதற்கு முன்பே, “இதுலதான் அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு” என்று மூன்றாவதைக் காட்டினார். முகத்தின் இரண்டு பக்கத்துக்கும் இடையே வெளிச்சம் இரண்டு மடங்கா, நான்கு மடங்கா, எட்டு மடங்கா வேறுபடுகிறது என்பதைத் தொழிலில் ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் என்று கணக்கிடுவோம். அந்தக் கணக்கின் பொருளை அந்தப் பாட்டி ஒரு பார்வையில் படித்துவிட்டார்.

பள்ளியில் படித்த இயற்பியலும் இங்கே கைகொடுக்கிறது. ஒரு பல்பிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கிடைக்கும் வெளிச்சம், இரண்டு மீட்டரில் நான்கில் ஒரு பங்காகவும், மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்காகவும், நான்கு மீட்டரில் பதினாறில் ஒரு பங்காகவும் குறையும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த விதி, படப்பிடிப்பில் சுவரை இருளாக்கும் கருவியாகிறது. விளக்கிலிருந்து முகம் ஒரு மீட்டரிலும் பின்சுவர் நான்கு மீட்டரிலும் இருந்தால், முகத்துக்குச் சரியாகப் பதியும்போது சுவர் ஏறக்குறைய மறைந்துவிடும். விளக்கை அசைக்காமல் ஆளைச் சுவரை நோக்கி நகர்த்தி, முகம் மூன்று மீட்டரிலும் சுவர் நான்கு மீட்டரிலும் இருக்கும்படி செய்தால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும். பின்னணியை மறைக்கக் கறுப்புத் துணி வாங்கப் புறப்பட்ட ஒரு மாணவரிடம், விளக்கை முகத்துக்கு அருகே கொண்டுவரும்படி சொன்னேன்; துணி வாங்கும் தேவை வரவில்லை.

தோலின் நிறம் பற்றியும் இங்கே எழுதியாக வேண்டும். கறுத்த முகத்துக்கு அதிக வெளிச்சம் கொட்ட வேண்டும் என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்தேன், பிறகு கணினியில் வெளுப்பாக்கியும் கொடுத்தேன். கறுத்த தோலுக்குத் தேவைப்படுவது விளக்கின் அகலம், அதன் வலிமை அன்று. தோலின் மெல்லிய பளபளப்பு தனக்கு எதிரே இருக்கும் விளக்கின் வடிவத்தைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுகிறது. சிறிய, கூர்மையான விளக்கு நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். அகலமான ஜன்னலையோ வேட்டி கட்டிய சட்டத்தையோ பக்கவாட்டில் வைத்தால், கன்ன எலும்பிலும் தாடையிலும் நீண்ட, மென்மையான ஒளிக்கோடுகள் ஓடி, முகம் சிற்பம்போல் எழுந்து நிற்கும். கைப்பேசி தானாகவே முகத்தைப் பிரகாசமாக்க முயலும்; திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்ச அளவை நாமே சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரை இவ்வாறு எடுத்த படத்தை அவரிடம் காட்டியபோது, அவர் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்கத் தொடங்குபவர்கள் இடறி விழும் இரண்டு இடங்களை மட்டும் குறிப்பிட்டுவிடுகிறேன். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவதால், டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஐம்பதில் ஒரு நொடியாகவோ நூறில் ஒரு நொடியாகவோ இல்லாமல் வேறாக இருந்தால், படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். இரண்டாவது, ஒளியின் நிறம். அதைக் கெல்வின் என்ற அலகால் அளப்போம்; எண் குறைந்தால் செம்மை, கூடினால் நீலம். தீபச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700 கெல்வின், நண்பகல் வெயில் 5500 கெல்வின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. நம் கண் அந்த வேறுபாட்டைச் சமன்செய்து கொள்ளும். கேமராவைத் தானியங்கியாக விட்டால் அதுவும் சமன்செய்ய முயன்று, குத்துவிளக்கின் பொன்னிறத்தை வெளுத்த சாம்பலாக்கிவிடும். கேமராவில் நிறத்தைச் சமன்செய்யும் அந்த அமைப்பை (ஒயிட் பேலன்ஸ்) நாமே ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால்தான், மாலையில் ஜன்னலுக்கு வெளியே நீலமும் உள்ளே விளக்கின் மஞ்சளும் ஒரே சட்டத்தில் சேர்ந்து நிற்கும்.

எங்கள் ஊரின் சூரியனே ஒரு தனிப் பாடம். படப்பிடிப்புக் கலை பற்றிய குறிப்புகளில் சூரியன் கடலில் இறங்கும் மாலை வேளையைப் பற்றியே அதிகம் படிக்கிறோம். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுமே தவிர, கடலில் இறங்காது. பொன்னிற நீர்ப்பரப்பு வேண்டுமானால் சில்வர் பீச்சுக்கு விடியற்காலை ஐந்தரைக்கே போய் நிற்க வேண்டும். மாலையில் சூரியன் ஊருக்கும் மரங்களுக்கும் பின்னால் மறைந்த பிறகு, மணல் முழுவதும் நிழலாகிவிடும்; ஆனால் கடலுக்கு மேலே கிழக்கு வானம் இன்னும் வெளிச்சமாக இருப்பதால், கடலைப் பார்த்து நிற்பவரின் முகத்தில் நிழலே இல்லாத மென்மையான ஒளி விழும். வானம் தெளிவாக உள்ள நாட்களில், பூமியின் நிழலே கடலின் விளிம்பில் சாம்பல் நீலப் பட்டையாக எழுந்து, அதன் மேல் இளஞ்சிவப்பு படர்வதையும் காணலாம். சூரியன் மறைந்த பின் நமக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரமே. வடக்கே ஐரோப்பாவில் இது வெகுவாக நீளும், நமக்கு நீளாது. இன்னொன்று, கடலூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11.75 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தின் முடிவிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தையொட்டியும் நண்பகல் 12 மணி 10 நிமிட வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் திறந்த வெளியில் எடுத்தால் கண்கள் இரண்டும் குழிகளாகத்தான் தெரியும். கத்திரி வெயிலில் கல்யாண ஊர்வலம் எடுத்த ஒவ்வொரு கேமராக்காரருக்கும் இது தெரியும்.

புதுச்சேரி இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதால் அங்கும் மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். ஒயிட் டவுன் தெருக்களில் திருமணத்துக்கு முந்தைய படங்கள் எடுக்க வரும் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்த மஞ்சள் சுவர்கள் பின்னணியாக மட்டும் இருப்பதில்லை. வெயில் விழும் ஒரு மஞ்சள் சுவருக்கு எதிரே நின்றால், அந்தச் சுவரே மஞ்சள் விளக்காகி, முகத்தின் நிழல்பக்கத்தை நிறமேற்றும். வெள்ளைச் சட்டை அணிந்த மாணவர் ஒருவரை நிறுத்தி இதைக் காட்டிய பிறகு, சுவரின் நிறத்தை எல்லாரும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் விருது பெற்ற ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் தொடக்கப் பகுதிகள் இந்த ஊரிலேயே, தாவரவியல் பூங்காவிலும் பிற இடங்களிலும் எடுக்கப்பட்டவை. அதன் கடல் காட்சிகளில் பெரும்பாலானவை தைவானில் கட்டிய அலைத்தொட்டியில் எடுக்கப்பட்டன. அவர்கள் தொட்டி கட்டி உருவாக்க வேண்டியிருந்த கடலும் வானமும் நம் வாசலில் தினமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தட்டுப்பாடு இருந்தால் கலை வளராது என்று சொல்பவர்களுக்கு நம் நாட்டு ஒளிப்பதிவு வரலாற்றிலேயே பதில் உண்டு. 1956இல் வெளியான ‘அபராஜிதோ’ வங்காளப் படத்தில் காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றம் வரும். மழை குறுக்கிடும் என்ற அச்சத்தால் அதைத் திறந்த வெளியில் கட்டாமல் அரங்கத்துக்குள்ளேயே கட்டினார்கள். மேலே திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை ஸ்டுடியோ விளக்குகளால் எப்படிக் கொண்டுவருவது என்று திகைத்த ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை நடிகர்கள் மேல் பாய்ச்சாமல் அந்தத் துணியின் மேல் பாய்ச்சி, திரும்பி வந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். முதுநகர் வீட்டில் நாங்கள் கட்டிய வேட்டியும் அந்தத் துணிக்கு உறவுதான். 1959இல் வந்த ‘காகஸ் கே பூல்’ இந்திப் படத்துக்காக, மைசூரில் பிறந்த வி.கே. மூர்த்தி வெளியே இருந்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் திருப்பி அரங்கத்துக்குள் கொண்டுவந்து, தூண்போல் இறங்கும் ஒளிக்கற்றையை உருவாக்கினார். 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் காற்றில் தூசியோ புகையோ இருக்க வேண்டும் என்பதை எங்கள் மாணவர்கள் சாம்பிராணிப் புகையில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வெயிலில் பிடித்துச் செய்து பார்த்தார்கள். தமிழில் அசோக்குமார், பாலு மகேந்திரா, பி.சி. ஸ்ரீராம் ஆகிய மூவரும் 1980களின் தமிழ்ப் படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர்கள். அவர்கள் ஒளியமைத்த காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கே பல ஞாயிறுகள் தேவைப்படும்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த கலை என்று எண்ணவும் காரணமில்லை. எங்கள் பகுதித் தெருக்கூத்தில் தீவட்டியும், பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஒளி தந்த காலத்துக்கு ஏற்றவாறுதான் அரிதாரத்தின் அடர்ந்த வண்ணங்களும், கிரீடத்திலும் தோளில் அணியும் புஜகட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளும் அமைந்தன. டியூப் லைட் வரிசையின் கீழ் அதே வேடம் வண்ணம் பூசிய முகமாக மட்டும் தெரிகிறது. கருவறையின் இருட்டில் தீபாராதனைத் தட்டு கீழிருந்து மேலே ஏறும்போது, மூர்த்தியின் பாதம், மார்பு, முகம் என்று ஒவ்வொன்றாக வெளிப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நகரும் விளக்கு எப்படிக் கதை சொல்லும் என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, நினைவூட்டினாலே போதும்.

ஆனால் அதை நினைவூட்டுவாரைத்தான் காணோம். சில ஆண்டுகளுக்கு முன் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய இரண்டு நாள் ஒளிப்பதிவுப் பட்டறைக்கு எங்கள் குழுவிலிருந்து இருவர் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திச் சென்றார்கள். இரண்டு நாளும் கேமரா மாதிரிகளின் பெயரும் விலையும் பேசப்பட்டன. ஒரு விளக்கைக்கூட எவரும் ஏற்றிக் காட்டவில்லை. சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைப்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் முதலில் தங்களுக்குத்தான். விமர்சனத்தில் வாரம் ஒரு காட்சியையாவது எடுத்துக்கொண்டு, அதில் ஒளி எங்கிருந்து வந்தது, எந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்தது, எதை மறைத்தது, அதனால் பார்ப்பவர் மனத்தில் என்ன நேர்ந்தது என்று நான்கு வரி எழுதச் செய்யுங்கள். ஒளிப்பதிவாளரின் பெயரோடு, விளக்குகளைச் சுமந்து ஏறி, வெப்பத்திலும் உயரத்திலும் நின்று, சொன்ன இடத்தில் ஒளியை நிறுத்திய லைட்மேன்களின் பணியையும் ஒரு நாள் விரிவாக எழுதுங்கள். அவர்களிடம் உள்ள அனுபவம் எந்தப் பாடநூலிலும் இல்லை. கல்வித்துறைக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குத் திரைப்படங்களைத் திரையிடும் நல்ல ஏற்பாடு 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. படம் முடிந்த பிறகு கதையின் நீதி என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒரே ஒரு காட்சியை ஒலியில்லாமல் மீண்டும் போட்டு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். மறுநாள் இயற்பியல் வகுப்பில் ஒரு பல்பை முகத்துக்கு எதிரேயும், பக்கத்திலும், கீழேயும் வைத்துக் காட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். குறும்படப் போட்டி நடத்துபவர்களும், படத்தோடு கூடவே ஏதேனும் ஒரு காட்சிக்கான ஒளியமைப்பு வரைபடத்தையும் ஒரு தாளில் கேட்டு வாங்கினால், விலையுயர்ந்த கேமரா வைத்திருப்பவருக்கும் கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவருக்கும் இடையே உள்ள தூரம் குறையும்.

கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் பிற்பகல் ஒரு மணி வரை ஓர் அறையை ஒதுக்கித் தர இயலுமா என்று தங்கள் நாளிதழின் வாயிலாக நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஜன்னல் உள்ள அறையாக இருந்தால் நல்லது. கிழக்கு ஜன்னலாக இருந்தால் இன்னும் நல்லது. புரொஜெக்டர், நான்கு விளக்குகள், தெர்மாகோல் அட்டைகள், விளக்குக்கு நிறமேற்றும் ஜெலட்டின் தாள்கள், வேட்டி, கறுப்புப் போர்வை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வருகிறவர்களிடம் கட்டணம் எதுவும் வாங்கமாட்டோம். அறை கிடைத்தால் முதல் நாளில் அந்த முதுநகர் வீட்டுக் காட்சியின் மூன்று பதிவுகளையும் திரையிட்டு, அந்தப் பாட்டியையும் முன்வரிசையில் உட்காரவைப்பதாக மாணவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ ஒளிப்படக் கலைஞர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.